பிஸ்கட்டவேயின் பிரெஞ்சுத் தளபதி

தமிழ்ச் சங்க நாடகங்களில் தேவதாஸுக்கென்றே சில வேடங்கள் இருந்தன. கும்பகர்ணன், எமதர்மன், கல்யாண வீட்டுச் சமையற்காரர், லஞ்சம் வாங்கும் ஏட்டு. ஒரு தீபாவளிக்கு நரகாசுரனாகக்கூட ஆக்கினார்கள். ஆனால் அதிலும் பாதி நாடகத்துக்கு மேல் மேடையில் செத்துத்தான் கிடந்தார்.

ஆள் நல்ல பருமன். அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் ஒரு மருந்து கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவருக்கான வெள்ளைக் கோட்டைத் தனியாக ஆர்டர் கொடுத்துத்தான் வரவழைப்பார்கள். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. கணீரென்ற குரல், எவ்வளவு நீள வசனமானாலும் இரண்டு வாசிப்பில் மனப்பாடம் ஆகிவிடும் மூளை, இரண்டும் இருந்தும் ராஜா வேடம் மட்டும் ஒவ்வொரு வருஷமும் சங்கத் தலைவர் கஸ்தூரிரங்கனுக்கே போய்க்கொண்டிருந்தது. வருத்தம் அதில்தான். கஸ்தூரிரங்கன் ஒல்லியாக, நெட்டையாக, மூக்கும் முழியுமாக இருப்பார். கிரீடமும் அவருடைய சொந்தக் கிரீடம். சென்னையிலிருந்து கைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது.

தொண்ணூற்றேழாம் வருஷக் கோடையில் தேவதாஸ் குடும்பத்தோடு ரோட் ஐலண்டில் நியூபோர்ட் போனார். அங்கே பழைய கோடீஸ்வரர்களின் மாளிகைகளைப் பார்க்க வேண்டும் என்று மனைவி எலிசாவுக்கு நெடுநாள் ஆசை. இரண்டு மாளிகை பார்த்ததும் தேவதாஸுக்குக் கால் வலி எடுத்துவிட்டது. எலிசாவையும் மகள் ஜோவானாவையும் மூன்றாவது மாளிகைக்குள் அனுப்பிவிட்டு, துறைமுகப் பக்கம் போய் ஒரு கிண்ணம் சூப் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். எதிரே ஒரு அறிவிப்புப் பலகை. சூப் சூடாக இருந்ததால், ஆறும்வரை படிக்கலாம் என்று எழுந்து போனார்.

அமெரிக்கச் சுதந்திரப் போரில் உதவிக்கு வந்த பிரெஞ்சுக் கப்பல்களைப் பற்றிய பலகை அது. ஆயிரத்து எழுநூற்று எழுபத்தெட்டில் ஒரு கேப்டன் இந்தத் துறைமுகத்துக்குள் துணிச்சலாக நுழைந்தாராம். அவரிடம் பிடிபடக் கூடாது என்று ஆங்கிலேயர்கள் தங்கள் கப்பல்களுக்குத் தாங்களே தீ வைத்துக்கொண்டார்களாம். கேப்டன் பெயர் சுஃப்ரன். கடைசி வரியில், இவர் பின்னாளில் வங்காள விரிகுடாவில் பெரும் புகழ் அடைந்தார், அவருடைய கடைசிப் போர் நடந்த இடம் கடலூர் என்று இருந்தது.

தேவதாஸ் கடலூர் பழைய டவுன்காரர்.

மாளிகையிலிருந்து வெளியே வந்த எலிசா, தன் கணவர் பாதிச் சூப்பைச் சட்டையில் கொட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓடி வருவதைப் பார்த்தாள். அவர் ஓடி அவள் பார்த்ததே கிடையாது. பர்ஸ் திருட்டுப் போய்விட்டது என்றுதான் நினைத்தாள்.

"எலிசா! நம்ம ஊருங்கறேன்! கடலூர்! போர்டுல போட்டிருக்கான்!"

"அதுக்கு ஏங்க இப்பிடி ஓடி வர்றீங்க? நான் நர்ஸுங்கறதுக்காக எங்க வேணா மயங்கி விழலாம்னு நெனப்பா?"

அந்தக் குளிர்காலம் முழுக்க தேவதாஸ் நூலகமே கதியென்று கிடந்தார். ஊர் நூலகத்தில் இருந்த இரண்டு புத்தகங்கள் முடிந்ததும், பல்கலைக்கழக நூலகத்திலிருந்து வரவழைத்தார். பிரெஞ்சில் இருந்ததை ஜோவானாவிடம் கொடுத்து மொழிபெயர்க்கச் சொன்னார். அவள் ஒன்பதாம் வகுப்பில் பிரெஞ்சு எடுத்திருந்தாள்.

"அப்பா, இட்ஸ் நாட் சப்ரேன். யூ ஹாவ் டு சே இட் த்ரூ யுவர் நோஸ்."

"மூக்கால எப்பிடிம்மா பேர் சொல்றது?"

"லைக் வென் யூ ஹாவ் அ கோல்டு."

தேவதாஸுக்கு அப்போது ஜலதோஷம் நிஜமாகவே இருந்தது. அதனால் பெயர் சட்டென்று வந்துவிட்டது.

வாசலில் பனி வாரும்போதும், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குக் கார் ஓட்டிப் போகும்போதும், பக்கத்தில் இருந்தவர்கள் சுஃப்ரன் கதையைக் கேட்டே ஆகவேண்டியிருந்தது. தெற்குப் பிரான்சில் பிறந்தவர். மீசை முளைக்காத வயதில் கடற்படையில் சேர்ந்தார். ஆங்கிலேயரிடம் இரண்டு தடவை பிடிபட்டுக் கைதியாக இருந்தார். மால்டா தீவின் வீரத் துறவிகள் சங்கத்தில் உறுப்பினர், அதனால் கல்யாணம் கிடையாது. திறமைசாலி என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் முன்னால் நிற்பது எப்போதும் வேறு யாராவது. ஐம்பதைத் தாண்டியபின் ஒருநாள் ஐந்து கப்பலைக் கொடுத்து அனுப்பினார்கள். சோழமண்டலக் கரைக்கு வரும் வழியில், மேலதிகாரி நோய் கண்டு இறந்துபோக, மொத்தப் படையும் இவர் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு எட்வர்ட் ஹியூஸ் என்ற ஆங்கிலத் தளபதியோடு ஐந்து பெரும் போர். சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் என்று ஒவ்வொரு பெயரையும் சொல்லும்போது தேவதாஸின் குரல் ஒருபடி உயரும்.

"ஐம்பது வயசு வரைக்கும் அந்தாளுக்கும் ஏட்டு வேஷம்தான் எலிசா. அப்புறம் அவர் ஏறின கப்பலோட பேர் என்ன தெரியுமா? ஹீரோ! பிரெஞ்சுல அப்பிடித்தான் பேரே."

எலிசாவுக்குப் புரிந்துவிட்டது. "சங்கத்துல கேக்கப் போறீங்க. அதானே?"

ஜனவரியில் கஸ்தூரிரங்கன் வீட்டில் கமிட்டி கூடியது. கலைச் செயலாளர் ஷ்யாமளா ஒரு பெரிய டப்பா முறுக்கோடு வந்திருந்தாள். மேடை ஜோடனையையும் ஒலிபெருக்கியையும் பார்த்துக்கொள்ளும் சேனாபதி கோபிச்செட்டிபாளையத்துக்காரர். அவருக்கு ஒரு பெரிய வேன் இருந்தது. சங்கத்தில் பாதி வேலை அந்த வேனால்தான் நடந்தது.

"சித்திரை ஃபங்ஷனுக்கு வழக்கம்போல சோழர் நாடகம் போட்டுடலாம். கிரீடம் வேற இருக்கு" என்று கஸ்தூரிரங்கன் ஆரம்பித்தார்.

தேவதாஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். எல்லோரும் முறுக்குக் கடிப்பதை நிறுத்தினார்கள்.

"பிரெஞ்சுக்காரனைப் பத்தித் தமிழ்ச் சங்கத்துல எதுக்கு சார் டிராமா?" என்றார் கஸ்தூரிரங்கன்.

"சண்டை நடந்தது நம்ம கரையில சார். கரையில நின்னு வாயைப் பொளந்து பாத்தவங்க எல்லாம் நம்ம ஆளுங்க. கப்பல்ல ஆள் போதாம அவர் கடலூர்ல ஏத்திக்கிட்டதும் நம்ம நாட்டுச் சிப்பாய்ங்கதான். அப்புறம் யார் சார் அதை டிராமா போடுவாங்க? நியூயார்க்லயா போடுவாங்க?"

கஸ்தூரிரங்கன் மோவாயைத் தடவினார். கடற்படைத் தளபதி, நீலக் கோட்டு, தங்கப் பொத்தான், வாள். மனக்கண்ணில் ஓடியது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"சரி, போடலாம். சுஃப்ரன் வேஷத்துக்கு நல்ல பெர்சனாலிட்டி வேணும். நானே பண்ணிடறேன்."

தேவதாஸ் புத்தகத்தைத் திறந்து, படம் இருந்த பக்கத்தை மேஜைமேல் வைத்தார். இரட்டைத் தாடை. கோட்டுப் பொத்தான்கள் தெறித்துவிடும்போல ஒரு வயிறு.

ஷ்யாமளா எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணா, இது உங்க ஃபேமிலி ஆல்பமா?"

"ஆளு பயங்கரக் குண்டு. டிரெஸ்ஸைப் பத்திக் கவலையே படமாட்டார். நல்லா சாப்பிடுவார். நல்லா திட்டுவார்" என்றார் தேவதாஸ். "இதுக்கு நீங்க எவ்வளவு தலைகாணி கட்டினாலும் பத்தாது சார்."

கஸ்தூரிரங்கன் நெடுநேரம் படத்தையே பார்த்தார். அடுத்த பக்கத்தில் ஹியூஸின் படம் இருந்தது. அதைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது. "இங்கிலீஷ்காரனுக்கு விக் நல்லா இருக்கும்போல இருக்கே?" என்றார். அதோடு கமிட்டி கலைந்தது.

மார்ச்சில் தேவதாஸ் வீட்டு பேஸ்மெண்டில் ஒத்திகை தொடங்கியது. நாடகத்தை எழுதியதும் அவர், இயக்கியதும் அவர், நடுநாயகமாக நின்றதும் அவர். கேப்டன்களாக நடிக்க ஸ்ரீநிவாசன் என்ற இளைஞனும், அவனோடு ஒரே அபார்ட்மெண்டில் இருந்த கம்ப்யூட்டர் பையன்களும் வந்தார்கள். இரண்டாயிரத்தில் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்ற பயத்தில் ஊரிலிருந்து கும்பல் கும்பலாக இறக்கப்பட்டவர்கள். இடுப்பில் பேஜர், கண்ணில் தூக்கம். அவர்களை அழைத்து வருவதும் சேனாபதியின் வேன்தான். சேனாபதிக்கும் ஒரு கேப்டன் வேடம் இருந்தது. நாகப்பட்டினப் போரில், தோற்காமலே பயந்துபோய்க் கொடியை இறக்கிவிட்ட கேப்டன்.

முதல் தகராறு கொடியைப் பற்றியே வந்தது. திருகோணமலைப் போரில் சுஃப்ரனின் கப்பலில் நடுப் பாய்மரம் அடிபட்டுச் சாய்கிறது. அதோடு கொடியும் விழுந்துவிடுகிறது. ஆங்கிலேயர் ஜெயித்துவிட்டதாக நினைத்து ஆரவாரம் செய்கிறார்கள். உடனே அவர், "கொடி கொண்டுவாருங்கள்! வெள்ளைக் கொடி! கப்பல் முழுக்கக் கட்டுங்கள்!" என்று கத்துகிறார். நாடகத்தின் உச்சம் அதுதான்.

"அண்ணா, வெள்ளைக் கொடின்னா சரண்டர்னுதானே எல்லாரும் நெனப்பாங்க?" என்றாள் ஷ்யாமளா.

"அப்ப பிரெஞ்சு ராஜாவோட கொடியே வெள்ளைதாம்மா."

"அது எடிசன் ஊர்ல இருக்கற நம்ம ஆளுங்களுக்குத் தெரியாதே. இப்ப இருக்கற பிரெஞ்சுக் கொடி மாதிரி மூணு கலர்ல ஒண்ணு தெச்சுடலாமே?"

"அந்த மூணு கலர் வர்றதுக்குள்ள அவரு செத்தே போயிட்டாரும்மா. வரலாறுன்னா வரலாறுதான்."

வரலாறு அப்படியே இருந்தது. ஒத்திகைதான் ஆட்டம் கண்டது. சுஃப்ரனின் கேப்டன்கள் அவர் சொன்ன சமயத்தில் சொன்ன இடத்துக்கு வரமாட்டார்கள். தூரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். தேவதாஸின் கேப்டன்களும் அப்படித்தான் இருந்தார்கள். ஒருவன் பேஜர் அடித்தது என்று மாடிக்குப் போனால் திரும்பமாட்டான். ஒருவன் வசனத்துக்கு நடுவில் நின்றபடியே தூங்கினான். ஒரு சனிக்கிழமை எல்லோருமே வெகு தாமதமாக வந்து சேர்ந்தார்கள். வந்ததும் சேனாபதி சாவகாசமாக ஷூவைக் கழற்றினார்.

"வழியில ஹோம் டிப்போ கடையில கொஞ்சம் வேலை இருந்ததுங்க. சரி, என் வசனம் என்னங்க?"

அதுவரை அதை நூறு தடவை சொல்லிக் கொடுத்திருந்தார் தேவதாஸ். போரில் கை கொடுக்காத கேப்டன்களை சுஃப்ரன் பதவி பறித்து ஊருக்கு அனுப்பிய அத்தியாயத்தை முந்தின நாள்தான் படித்திருந்தார். எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ, பேஸ்மெண்ட் அதிர்ந்தது.

"கொடியை இறக்குனவனுக்கு என் கப்பல்ல இடமில்ல! போங்க வெளியே!"

"இது வசனமுங்களா?" என்று சேனாபதி கேட்டார்.

"இல்ல. நெசமாத்தான் சொல்றேன்."

சேனாபதி ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டார். "நான் ஒண்ணும் உங்ககிட்டச் சம்பளத்துக்கு இல்லைங்க தேவதாஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினார். வந்தது அவருடைய வேனில் என்பதால், மற்ற கேப்டன்களும் திருதிருவென்று விழித்துவிட்டு அவர் பின்னாலேயே போனார்கள். தூங்கிக்கொண்டிருந்தவனை ஸ்ரீநிவாசன் கையைப் பிடித்து இழுத்துப் போனான்.

எலிசா ஒரு பெரிய தட்டில் டீயோடு இறங்கி வந்தாள். காலியாகக் கிடந்த பேஸ்மெண்டைச் சுற்றிப் பார்த்தாள்.

"எத்தனை கப்பல் மிச்சங்க?"

"எல்லாம் என் தப்புங்கறியா?"

"நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா உங்க சுஃப்ரனுக்கு ராஜா கொடுத்த அதிகாரம் இருந்துச்சு. உங்களுக்கு யாரு கொடுத்தா? எல்லாம் வாரம் பூரா வேலை பாத்துட்டு, சும்மா சந்தோஷத்துக்கு வர்ற பிள்ளைங்க. சேனாபதியும்தான். டீ ஆறுது, குடிங்க."

பத்துப் பேருக்குப் போட்ட டீயில் மூன்றைத் தேவதாஸ் குடித்தார். மீதியைத் தானே மாடிக்குத் திருப்பி எடுத்துப்போனார்.

மறுநாள் பூசை முடிந்ததும் எலிசாவையும் மகளையும் வீட்டில் இறக்கிவிட்டுவிட்டு நேரே சேனாபதி வீட்டுக்குப் போனார். கராஜ் கதவு திறந்திருந்தது. உள்ளே, தரை முழுக்க நீட்டிக் கிடந்தது ஒரு பாய்மரம். தண்ணீர்க் குழாய்களை ஒன்றோடொன்று செருகி, பழுப்பு வண்ணம் அடித்து, குறுக்குக் கட்டைகளுக்கு நூலேணி கட்டிக்கொண்டிருந்தார் சேனாபதி. வீட்டு மராமத்துச் சாமான் விற்கும் ஹோம் டிப்போவில் என்ன வேலை என்பது தேவதாஸுக்கு அப்போதுதான் விளங்கியது.

"சேனாபதி... நான்தான் உங்களைப் போகச் சொல்லிட்டேனே?"

"நடிக்கறதுலருந்துதானுங்க போகச் சொன்னீங்க. பாய்மரத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலைங்களே." அவர் நிமிரவே இல்லை. "ஒரு கயித்தை இழுத்தா, கீல் மடங்கி அப்படியே சாயற மாதிரி பண்ணியிருக்கேன். இந்த முனையைச் சித்த பிடியுங்க."

தேவதாஸ் முனையைப் பிடித்தார். பிடித்துக்கொண்டே, "தப்பா பேசிட்டேன். மன்னிச்சிருங்க" என்றார்.

"அட விடுங்க. ஆனா ஒண்ணு. அந்தக் கொடி இறக்கற ஆளா மட்டும் நான் வரமாட்டேனுங்க. ஊர்ல எங்கய்யாவுக்கு வீடியோ அனுப்பணும். கோழையா நடிச்சா அவரு ஃபோன்ல வெச்சு வாங்கிருவாரு. வேற ஏதாச்சும் நல்ல வேஷமா பாத்துக் கொடுங்க."

"ஹைதர் அலி? சுஃப்ரனோட கூட்டாளி?"

சேனாபதி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "குதிரை உண்டுங்களா?"

"குதிரை இல்ல. கூடாரம் உண்டு."

"போதுமுங்க."

கோழைக் கேப்டனை யார் தலையில் கட்டுவது என்று தேவதாஸ் குழம்பிக்கொண்டிருந்தபோது இன்னொரு அடி விழுந்தது. கம்ப்யூட்டர் பையன்களில் முக்கால்வாசிப் பேரைக் கம்பெனி டல்லாஸுக்கு மாற்றிவிட்டது. ஸ்ரீநிவாசனும் இன்னொருவனும்தான் மிச்சம். சுஃப்ரன் கடலூரில் செய்ததையே தேவதாஸும் செய்தார்: கரையில் இருந்தவர்களைக் கப்பலில் ஏற்றினார். ஷ்யாமளாவின் கோலாட்டக் குழுப் பெண்கள் அத்தனை பேரும் மாலுமிகள் ஆனார்கள். கோழை வேடத்தைத் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார் மரகதம். பெரிய மருத்துவமனையில் எக்ஸ்ரே பார்த்துச் சொல்லும் டாக்டர். "எனக்கு மீசை வெச்சுக்கணும்னு சின்ன வயசுலேருந்து ஆசை. கொடியை இறக்கணும், அவ்வளவுதானே? நல்லா பயந்துக்கிட்டே இறக்கறேன்" என்றார். பெண்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்தார்கள். தேவதாஸும் கத்துவதை விட்டுவிட்டு, ஒத்திகை முடிந்ததும் எல்லோருக்கும் எலிசாவின் மீன் கட்லெட்டைச் சூடாகப் பரிமாறக் கற்றுக்கொண்டார்.

சித்திரை விழா ஒரு சனிக்கிழமை மதியம், ஓர் உயர்நிலைப் பள்ளி அரங்கத்தில் நடந்தது. பரதநாட்டியம் இரண்டு, குழந்தைகளின் திருக்குறள், ஒரு புல்லாங்குழல். அதன் பிறகு திரை மூடி, மறுபடி திறந்தது. மேடையின் இடது பக்கம் பிரெஞ்சுக் கப்பல், வலது பக்கம் ஆங்கிலக் கப்பல். நடுவே நீலச் சேலைகளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள் கோலாட்டப் பெண்கள். அதுதான் வங்காள விரிகுடா. அரங்கம் கைதட்டியது.

தேவதாஸ் மேடையில் கால் வைத்தபோது பின்வரிசையிலிருந்து யாரோ, "டேய், எமதர்மன்!" என்றார்கள். ஒரு சிரிப்பு ஓடியது. அவர் அதைச் சட்டை செய்யவில்லை. பொத்தான் போடாத கோட்டும், வெளியே தொங்கும் சட்டையுமாக நடுமேடைக்கு வந்து, முதல் வசனத்தைச் சொன்னார். முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்து, கடைசியில் தனக்கென்று ஒரு படை கிடைத்த மனிதன் கடலைப் பார்த்துப் பேசுகிற வசனம். சிரிப்பு நின்றுவிட்டது. அவர் பேசி முடிக்கும்வரை ஒரு குழந்தைகூட அழவில்லை என்று எலிசா பின்னால் எல்லோரிடமும் சொன்னாள்.

மரகதம் மீசை துடிக்கத் துடிக்கக் கொடியை இறக்கிய காட்சிக்குப் பெண்கள் பக்கத்திலிருந்து விசில் வந்தது. ஹைதர் அலி தம் கூடாரத்தில் சுஃப்ரனை வரவேற்ற காட்சியில், எழுதியதைவிட அதிகமாகவே பேசினார் சேனாபதி. "வாங்க தளபதி, வாங்க. தரையில உக்காந்து பழக்கம் இருக்காதுங்க. டேய், தளபதிக்கு நாலு திண்டு போடு. இல்ல, ஆறாப் போடு!" ஹைதர் அலிக்குக் கோபிப் பக்கத்துப் பேச்சு எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சிரித்து ஓய்ந்தபோது திருகோணமலை வந்துவிட்டது.

பீரங்கி ஒலியை ஜோவானா டேப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். புகை. கூச்சல். தேவதாஸ் கையை உயர்த்தி, "ஐயோ, பாய்மரம் சாய்கிறதே!" என்றார்.

பாய்மரம் சாயவில்லை.

ஓரத்தில் ஹைதர் அலி வேடத்திலேயே நின்றிருந்த சேனாபதி கயிற்றை இழுப்பது தெரிந்தது. கயிறு எங்கோ சிக்கிக்கொண்டிருந்தது.

"பாய்மரம்... சாய்கிறதே!" என்றார் தேவதாஸ் மறுபடியும். அது குத்துக்கல்லாக நின்றது. முன்வரிசையில் ஒரு சிறுமி, "நோ இட்ஸ் நாட்!" என்று உரக்கச் சொன்னாள். அரங்கம் சிரித்தது. தேவதாஸுக்கு மனப்பாடமாக இருந்த வசனங்களில் எதுவுமே இந்தச் சமயத்துக்கு உதவுவதாக இல்லை.

அப்போது எதிர்க் கப்பலிலிருந்து ஹியூஸ் வேடத்தில் இருந்த கஸ்தூரிரங்கன் ஒரு அடி முன்னால் வந்தார். விக்கைச் சரிசெய்துகொண்டார். "குறி தப்பிவிட்டது! மறுபடி சுடுங்கள்! பாய்மரத்தைப் பார்த்துச் சுடுங்கள்!" என்று கம்பீரமாகக் கட்டளையிட்டார். நாடகத்தில் இல்லாத வசனம். ஜோவானா சட்டென்று பிடித்துக்கொண்டு இன்னொரு பீரங்கி போட்டாள். சேனாபதி முழு பலத்தோடு கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தார்.

பாய்மரம் சாய்ந்தது. ஆனால் சாய வேண்டிய பக்கம் சாயாமல், வங்காள விரிகுடாவைத் தாண்டி ஆங்கிலக் கப்பலின்மேல் விழுந்தது. உச்சியில் கட்டியிருந்த பெரிய வெள்ளைக் கொடி கஸ்தூரிரங்கனைத் தலையோடு காலாக மூடியது. விக் உருண்டு மேடை விளிம்புக்கு வந்து நின்றது.

 பிறகு அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. ஆங்கிலக் கப்பலில் வெள்ளைக் கொடி! வெள்ளைக்காரன் சரணடைந்துவிட்டான்! பின்வரிசையில் யாரோ, "வந்தே மாதரம்!" என்றே கத்திவிட்டார்.

கொடிக்குள் கஸ்தூரிரங்கன் அசையாமல் நின்றார். தேவதாஸ் அரங்கத்தைப் பார்த்தார். வாழ்நாளில் அவருக்காக இத்தனை பேர் எழுந்து நின்றதில்லை. அப்படியே கையை உயர்த்தி வணங்கினால் போதும், திரை விழுந்துவிடும். ஷ்யாமளா திரைக் கயிற்றில் கையை வைத்துக்கொண்டு அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் குனிந்து விக்கை எடுத்தார். தூசி தட்டினார். நீலச் சேலைகளை மிதிக்காமல் கடலைக் கடந்து எதிர்க் கப்பலுக்குப் போய், கொடியை மெல்ல விலக்கி, கஸ்தூரிரங்கனின் தலையில் விக்கைப் பொருத்தினார். அரங்கம் கப்சிப் என்று ஆனது.

"தளபதி ஹியூஸ்!" என்றார் அந்தக் கணீர்க் குரலில். "பறந்து வந்து விழுந்தது என் கொடி. நீங்கள் சரணடையவில்லை. சரணடைகிற ஆள் நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் இல்லை. ஆகவே என் கொடியை எடுத்துக்கொண்டு போகிறேன். போரைத் தொடருவோம்!"

கஸ்தூரிரங்கனின் கண்களில் ஏதோ மின்னியது. அவர் வாளை உருவி, நெற்றிக்கு நேரே பிடித்து வணக்கம் வைத்தார். "போய் வாருங்கள், தளபதி சுஃப்ரன். பத்திரமாகப் போங்கள். உடனே சுடப்போகிறேன்."

தேவதாஸ் கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். தன் கப்பலை அடைந்ததும் வயிற்றிலிருந்து எழுந்த குரலில், "கொடி கொண்டுவாருங்கள்! வெள்ளைக் கொடி! கப்பல் முழுக்கக் கட்டுங்கள்!" என்று கர்ஜித்தார். கோலாட்டப் பெண்கள் கடலை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து மூலைக்கு மூலை வெள்ளைத் துணி கட்டினார்கள். இப்போது அது சரணாகதி என்று யாரும் நினைக்கவில்லை. யாருடைய கொடி அது என்று முன்வரிசைச் சிறுமி முதல் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.

கடைசிக் காட்சி நன்னம்பிக்கை முனை. போர் ஓய்ந்து சமாதானம் வந்து, சுஃப்ரன் ஊர் திரும்பும் வழியில், அவரோடு சண்டை போட்ட ஆங்கிலக் கேப்டன்களே அவர் கப்பலைத் தேடி வந்து மரியாதை செய்கிறார்கள். உலகம் தந்த எல்லாப் பாராட்டையும்விட எதிரிகள் தந்ததுதான் தனக்குப் பெரிது என்று அவர் சொல்வதோடு நாடகம் முடிகிறது. அந்தக் காட்சியில் ஹியூஸ் கிடையாது. இருந்தும் கஸ்தூரிரங்கன் விக்கைக் கழற்றிவிட்டு ஒரு சாதாரணக் கேப்டனின் தொப்பியை மாட்டிக்கொண்டு வரிசையில் கடைசி ஆளாக வந்து நின்றார். கை குலுக்கும்போது, மைக்குக்குக் கேட்காத குரலில், "மானத்தைக் காப்பாத்திட்டீர்யா" என்றார்.

"நீங்க ரெண்டாவது தடவை சுடலேன்னா நான் அங்கேயே கல்லா நின்னிருப்பேன் சார்."

"அடுத்த வருஷம் சோழர் நாடகம் போடலாம். நீரே ராஜா. கிரீடத்தைக் கொஞ்சம் பெரிசு பண்ணணும், அவ்வளவுதான்."

"ராஜா வேண்டாம் சார். நான் டைரக்ட் பண்றேன். நீங்கதான் ராஜா. மரகதம் டாக்டர் மந்திரி." அதைச் சொன்னபோது தனக்கே அது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தேவதாஸுக்கு ஆச்சரியமாக இருந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் புளியோதரையும் தயிர்சாதமும் தீர்ந்துகொண்டிருந்தன. தேவதாஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் தட்டோடு நின்றார். சுற்றிலும் ஒரு கூட்டம். முன்வரிசைச் சிறுமி தன் அப்பாவை இழுத்துக்கொண்டு வந்து, "வாட் ஹாப்பண்ட் டு ஹிம் ஆஃப்டர்?" என்று கேட்டாள்.

"ஊருக்குப் போனார் பாப்பா. ராஜா கட்டிப்பிடிச்சுப் பாராட்டினார். அவருக்காகவே புதுசா ஒரு பெரிய பதவி உண்டாக்கிக் கொடுத்தாங்க. நல்லா சாப்பிட்டுக்கிட்டு சந்தோஷமா இருந்தார்."

சிறுமிக்குத் திருப்தி. சேனாபதி வேனில் பாய்மரத்தை ஏற்றப் போனார். அது உள்ளே நுழையாமல் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்ரீநிவாசன் அதன் நுனியில் ஒரு சிவப்புத் துணியைத் தேடிக் கட்டினான்.

வீட்டுக்கு எலிசாதான் காரை ஓட்டினாள். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. பின்சீட்டில் ஜோவானா பீரங்கி ஒலி இருந்த டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னதெல்லாம் நெசமா?" என்றாள் எலிசா.

"எல்லாம் நெசம். கொஞ்சம் மீதி வெச்சுட்டேன். திரும்பிப் போயி அஞ்சு வருஷம் முழுசா இருக்கலை. போயிட்டார்."

"எப்பிடி?"

"சரியாத் தெரியலை. யாரோடயோ ஒத்தைக்கு ஒத்தைச் சண்டையில கத்திக் குத்துன்னு ஒரு கதை இருக்கு. உடம்புக்கு முடியாம இருந்தப்ப டாக்டர் ரத்தம் எடுத்தார், அதுலதான்னு இன்னொரு கதை."

எலிசா சிவப்பு விளக்கில் காரை நிறுத்திவிட்டுத் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நர்ஸின் பார்வை.

"அந்த உடம்புக்கு பிரஷர் இருந்திருக்கும். யாரும் செக் பண்ணியிருக்க மாட்டாங்க. அவருக்கு வீட்டுல கேக்க ஆள் இல்ல பாவம்."

"எனக்கு அப்பிடி ஒண்ணும்..."

"திங்கக்கிழமை அப்பாயிண்ட்மெண்ட் போடறேன். லேபுக்கு லீவு சொல்லிருங்க."

தேவதாஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பின்சீட்டிலிருந்து ஜோவானா, முழுச் சத்தத்தில் ஒரு பீரங்கியைப் போட்டாள். மூவரும் சிரித்த சிரிப்பில் விளக்கு பச்சையானதையே கவனிக்கவில்லை. பின்னால் நின்ற கார் ஹாரன் அடித்த பிறகுதான் எலிசா வண்டியை நகர்த்தினாள்.